கட்டுமரத்து ஆணி

முதலிலேயே சத்தியம் செய்து வைத்துவிடுகிறேன். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கபாலீசுவரர் மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்கு மாதவப் பெருமாள் மேல் சத்தியம். இரண்டு பேரையும் நம்பாதவர்களுக்கு மந்தைவெளிக்கு வருகிற இருபத்தொன்றாம் நம்பர் பஸ் மேல் சத்தியம். அது வராமல் போகலாம், என் சொல் போகாது. கூட்டிச் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை. இந்தக் கதையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மந்தைவெளியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு கைவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தச் சந்தின் கோடியில் ஓட்டு வீடு ஒன்று. கூடம், ஓர் அறை, அடுக்களை, பின்கட்டில் கிணறு, கிணற்றடியில் ஒரு கிச்சிலி மரம். வீட்டின் சொந்தக்காரர் ராமானுஜம், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி இன்னொரு சொந்த வீட்டில் இருந்தார். இந்த வீட்டில் குடியிருந்தவர்கள் உடன்குடிப் பக்கத்து வெள்ளைத்துரையும் அவன் மனைவி சண்முகவடிவும்.

வெள்ளைத்துரைக்குத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் ராத்திரி கடை மூடும் வரை புடவையை விரித்துக் காட்டுவான், மடிப்பான், மறுபடி விரிப்பான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைப் பார்த்தாலும் "வேற கலர் எடுத்துப் போடட்டுமா" என்று வாயில் வந்துவிடும். அப்படிப்பட்ட சாது.

வடிவு சாது இல்லை. அவளும் ஜவுளிக்குத்தான் உழைத்தாள். பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்கும்போது முந்தி ஓரத்தில் நூல் பிரிபிரியாகத் தொங்கும். அதைச் சீப்பால் கோதி, பிரித்து, ஈரக்கையால் தொடையில் வைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டவேண்டும். கடையிலிருந்து வெள்ளைத்துரை சைக்கிளில் புடவைக் கட்டைக் கொண்டுவருவான். அவள் கட்டிக் கொடுப்பாள். குஞ்சம் கட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. புடவையை எதிலாவது மாட்டி இழுத்துப் பிடிக்கவேண்டும். தொய்ந்தால் முறுக்கு நிற்காது. சுவரில் ஓர் ஆணி இருந்தால் அதில் ஒரு துணியை வளையமாக மாட்டி, அந்த வளையத்தில் புடவையைக் கோத்து, அரசி மாதிரி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வடிவு தன் இடது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். வருஷக்கணக்காக இழுபட்டு அந்த விரல் மட்டும் வளர்ந்துவிட்டது. செருப்பு வாங்கப் போனால் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கொன்றாகக் காலில் போட்டுக்கொள்வாள். மீதி இரண்டும் பரணில் கிடந்தன.

ஏன் ஆணி அடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ராமானுஜத்தைத் தெரியாது.

மயிலாப்பூரில் வீட்டுக்காரர்கள் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்வது சகஜம். ராமானுஜம் சொல்வது சகஜம் இல்லை. வாடகைக்கு விடும்போது அவர் போட்ட நிபந்தனை இரண்டு. ஒன்று, கருவாட்டு வாசனை வாசலைத் தாண்டக்கூடாது. இரண்டு, சுவரில் ஆணி ஏறக்கூடாது. முதலாவதில் அவர் கொஞ்சம் இறங்கி வருவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யார் கண்டது. இரண்டாவதில் மூச்சு விடக்கூடாது. முன்பு குடியிருந்த ஒரு வாத்தியார் காலண்டரைச் சோற்றுப் பசையால் ஒட்டியபோது, "பசையும் ஒரு தினுசு ஆணிதான் ஓய்" என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். எங்கே ஆணி அடித்தாலும் அவருக்குக் கேட்கும். கச்சேரியில் மிருதங்கத் தனி நடக்கும்போது எழுந்து போனவர், பக்கத்துத் தெருவில் தொட்டில் கொக்கி அடித்துக்கொண்டிருந்தவனைக் கையும் சுத்தியுமாகப் பிடித்திருக்கிறார். அது அவர் வீடுகூட இல்லை.

ஆகவே அந்த வீட்டில் எல்லாம் தரையில் இருந்தன. திருச்செந்தூர் முருகன் படம் மூலையில் சாய்ந்திருந்தது. காலண்டர் படுத்திருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி அரிசி டின்னில் சாய்ந்திருந்ததால் வெள்ளைத்துரை குப்புறப் படுத்துக்கொண்டுதான் சவரம் செய்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று புரட்டாசியில் ராமானுஜம் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கையை வைத்து, காதை வைத்து, சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வெள்ளைத்துரை, எம்பிள்ளை கனடாலயே இருந்துடறேங்கறான். ரெண்டு ஆத்தை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்? இதை நீரே வாங்கிக்கோரும். சுவரைப் பாத்துக்கறவா கையில போகணும். நீர் பாத்துக்கறீர்."

வடிவுதான் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "வாங்கிக்கிடுதோம் சாமி. எழுதிக் குடுங்க."

அவரே தம் கையால் எழுதினார், முத்து முத்தாக. இன்ன வீடு, இன்ன எல்லை, இன்ன விலை, முன்பணம் பெற்றுக்கொண்டேன், பட்டா மாறி வந்ததும் மீதியை வாங்கிக்கொண்டு கிரயப் பத்திரம் பதிந்து தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வடிவின் இரட்டைவடச் சங்கிலி முன்பணமாகியிருந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: "பத்திரம் பதியற வரைக்கும் வாடகையைக் குடுத்துண்டிருங்கோ. பழக்கம் விட்டுப்போயிடப்படாது."

அன்று ராத்திரியே வடிவு, "நாளைக்கே ஆணி அடிச்சிருவம்" என்றாள்.

"சும்மா கெடட்டி. பத்திரம் ஆவட்டும்."

"எழுதிக் குடுத்துட்டாவல்லா? அப்புறம் என்ன?"

"ஆணி எங்கன இருக்கு?"

ஆணி இல்லை என்பது நியாயமான பதில். ஆணியே அடிக்க முடியாத வீட்டில் யார் ஆணி வாங்கி வைப்பார்கள்?

ஐப்பசியில் புயல் வந்தது. மழை என்றால் சந்தில் போன எருமை மிதந்துபோன மழை. அடையாற்றின் தண்ணீர் கடலுக்குப் போக மாட்டேன் என்று திரும்பிப் பார்த்த மழை. கூடத்தில் ஒழுகாத இடத்தில் புடவைக் கட்டை வைத்து, அதன் மேல் பாயைப் போட்டு, பாயின் மேல் வடிவு உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டிக் காப்பியும் வறுத்த பயறுமாக இரண்டு பொழுது ஓடின.

மழை விட்டதும் பின்கட்டுப் பக்கம் பாஞ்சாலியின் குரல் கேட்டது. பாஞ்சாலி ஊரூர் குப்பத்துக்காரி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அடையாற்றுப் பாலம் தாண்டி நடந்தே வருவாள். சந்தில் மற்ற வீடுகளுக்கு அவள் வாசல் வழி. ராமானுஜத்தின் வீட்டுக்கு மட்டும் கிணற்றடி வழி.

"இன்னா யக்கா, உயிரோட கீறியா?"

"நீ இருக்கியா முதல்ல? மீனு எங்கட்டி?"

"மீனா? கடலு இன்னும் கொதிச்சிக்கினு கீது. எவன் போவான்? என் வூட்டுக்காரன் கட்டுமரம் கரையிலயே தனித்தனி மரமா பிரிஞ்சி போச்சி யக்கா. ஒரு மரம் மாமல்லபுரத்துக்குப் போச்சோ, ஒண்ணு மசூலிப்பட்டணத்துக்குப் போச்சோ." கூடையைக் கவிழ்த்தாள். "வெறுங்கையோட உன் வூட்டுக்கு வர்றதுக்கு மனசு வர்ல. இது ஒண்ணுதான் மிஞ்சிச்சி. வெச்சிக்கோ."

கல்லின் மேல் 'டங்'கென்று விழுந்தது ஓர் ஆணி. ஒரு சாண் நீளம். சுண்டுவிரல் கனம். தலை எட்டணாக் காசு அகலம். உப்பேறிச் செவசெவவென்று துருப்பிடித்திருந்தது.

வடிவு அதைக் கையில் எடுத்தாள். கீழே வைக்கவில்லை.

கார்த்திகையில் முதல் வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத்துரை வீட்டிலிருந்தபோது, அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுத்தியல் கிடையாது. கூடத்தின் கிழக்குச் சுவரில் இடம் பார்த்தாள்.

"நீங்க புடிங்க. நான் அடிக்கேன்."

"ஏட்டி, கையைப் பாத்து அடி. வீட்டுக்காரர் காதுல விழுந்துரப் போவுது."

"வீட்டுக்காரி நாந்தான்."

முதல் அடியில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாவது அடியில் கிச்சிலி மரத்துக் காக்கை கிளம்பியது. மூன்றாவதில் கோவில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாக எழுந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, என்ன நடக்கிறதென்று பார்க்க மந்தைவெளிப் பக்கம் வந்தன. ஆணி பாதி இறங்கியது. பிறகு ஏறவும் இல்லை, அசையவும் இல்லை. வெள்ளைத்துரை தொங்கிப் பார்த்தான். அவனைத் தாங்கியது. வடிவு தொங்கிப் பார்த்தாள். அவளையும் தாங்கியது.

அந்த நேரத்தில் ராமானுஜம் நந்தனத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் அடியில் கை நின்றது. இரண்டாவதில் எழுந்துவிட்டார். சிநேகிதர் கேட்டதற்கு "என் சுவரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். நம்ப முடியாதவர்கள் நந்தனத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சிநேகிதர் காலமாகிவிட்டார், ஆனால் நந்தனம் இருக்கிறது.

வாசலில் வந்து நின்றவரைக் கண்டதும் வெள்ளைத்துரை குழவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். குழவியை ஒளிப்பது எளிதில்லை. ராமானுஜம் ஆணியைப் பார்த்தார். முகம் சிவந்தது. குடை மேலே போனது.

"யாரைக் கேட்டு..."

அவ்வளவுதான் வந்தது. வாய் திறந்தபடியே நின்றார். அவர் கையால் எழுதியது அவருக்கே ஞாபகம் வந்திருக்கவேண்டும். வாயை மெல்ல மூடினார். ஆயுளில் முதல் தடவையாக ஓர் ஆணிக்கு முன்னால் வாயை மூடினார்.

"யாரைக் கேக்கணும்? யாரையும் கேக்க வேண்டாம், இல்லையா," என்றார் தமக்குத்தாமே. கிட்டே போய் விரலால் சுண்டினார். "நன்னா இறங்கியிருக்கு." குடையை அந்த ஆணியில் மாட்டினார். வடிவு கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார்.

அன்றுமுதல் வடிவின் கால்விரலுக்கு ஓய்வு. ஆணியில் துணி வளையம் தொங்கியது. முன்பு ஒரு புடவை முடிகிற நேரத்தில் இரண்டு முடிந்தன.

பட்டா இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இரண்டு மழைக்காலம் போனது. பட்டா வருவதற்குள் ராமானுஜத்தின் மாப்பிள்ளை டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்துவிட்டான். மயிலாப்பூரில் அங்கங்கே பழைய வீடுகளை இடித்து மாடி மாடியாகக் குடித்தனங்கள் கட்ட ஆரம்பித்திருந்த சமயம். மாப்பிள்ளை அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தான். ஓட்டைப் பார்க்கவில்லை; ஓட்டுக்கு மேலே காலியாக இருந்த ஆகாசத்தைப் பார்த்தான்.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. நீங்கள் வெறும் வாடகைக்காரர்கள், ஒப்பந்தம் காலாவதி, சங்கிலிக்கான பணம் திரும்பத் தரப்படும், காலி செய்யவும். பின்னாலேயே கேஸும் வந்தது.

வெள்ளைத்துரை அன்று சாப்பிடவில்லை. "ஊருக்கே போயிருவம் வடிவு. நமக்கு மேல பெரிய எடம்."

"நம்ம சுவத்துல நம்ம ஆணி இருக்கு. நான் எங்கயும் வரலை," என்றாள் வடிவு. "வக்கீலைப் பாப்பம். அதுக்கு முந்தி ரசத்தை ஊத்திச் சாப்பிடுங்க, ஆறிப்போவுது."

லஸ் பக்கத்தில் வேம்பு என்று ஒரு வக்கீல். ஒல்லி. பொடி போடுவார். ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"எழுத்து இருக்கு, கையெழுத்து இருக்கு, மீதியைக் குடுக்க நீங்க தயார். சொத்து மாற்றச் சட்டத்துல ஐம்பத்துமூணு ஏ-ன்னு ஒரு பிரிவு. பத்திரம் பதியலைன்னாலும், ஒப்பந்தத்தை நம்பி ஒருத்தன் சொத்தை அனுபவிச்சுண்டு, அவன் பங்குக்குக் காரியத்தை ஆரம்பிச்சுட்டான்னா, எழுதிக் குடுத்தவன் அவனை வெளியே தள்ளப்படாது. ஆனா ஒண்ணு. இது கேடயம். கத்தி இல்லை. இதை வெச்சுண்டு 'ஆத்தை என் பேருக்கு எழுது'ன்னு கேக்க முடியாது. அவா போன்னா, போக மாட்டேன்னு உக்காந்துக்கலாம்."

"அது போதும். உக்காருதது எனக்கு நல்லா வரும்," என்றாள் வடிவு.

"இருங்கோம்மா. இடிக்கறது எங்கேன்னா, நீங்க ஏற்கெனவே குடியிருந்தவா. ஒப்பந்தத்துக்கு முன்னாலயும் அதே ஆத்துல, பின்னாலயும் அதே ஆத்துல. வாடகையும் விடாம குடுத்திருக்கேள். கோர்ட்ல கேப்பா, அதுக்கப்புறம் புதுசா என்ன பண்ணினேள்? வாடகைக்காரன் பண்ணாத காரியம், சொந்தக்காரன் மட்டும் பண்ற காரியம் ஒண்ணு வேணும். என்ன பண்ணினேள்?"

"சந்தோசப்பட்டோம்," என்றான் வெள்ளைத்துரை.

"சந்தோஷம் சாட்சி சொல்லாது. வேற?"

"வெள்ளை அடிச்சோம்."

"பொங்கலுக்கு வாடகைக்காரனும் அடிப்பான்."

"முருங்கைக் கொம்பு நட்டோம்."

"அது ரோட்டுல போறவன் நட்டாலும் முளைக்கும்."

"வாசல் பக்கமா நின்னு கருவாடு வறுத்தேன்," என்றாள் வடிவு. "அந்த ஒரு நாளுதான்."

வேம்பு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வாசனை இந்நேரம் போயிருக்கும். வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கூடத்துல ஒரு ஆணி அடிச்சோம்."

பொடி டப்பா கீழே விழுந்தது. "எங்கே? ராமானுஜம் ஆத்து சுவத்துலயா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"குடைய மாட்டிட்டுல்லா போனாவ."

வேம்பு எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, மயிலாப்பூர்ல ராமானுஜம் ஆத்து சுவத்துல வாடகைக்காரன் ஆணி அடிச்சான்னு சொன்னா ஒரு குழந்தைகூட நம்பாது. அப்போ அடிச்சது யாரு? சொந்தக்காரன்! நீங்க ஆத்துக்குப் போய் நிம்மதியா குஞ்சம் கட்டுங்கோ."

கேஸ் கோர்ட்டில் நடந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது, வாய்தா விழுந்தது. எழுபத்துநாலு சித்திரையில் ஆணியைச் சாட்சிப் பொருளாகக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. கோர்ட் சேவகர்கள் வந்து பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருவர் இழுத்தார், வரவில்லை. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்; வீடு ஒரு விரற்கடை முன்னால் வந்தது, ஆணி வரவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். "ஆணி கோர்ட்டுக்கு வராவிட்டால் கோர்ட் ஆணியிடம் போகும்" என்று உத்தரவாயிற்று.

கத்திரி வெயில். கூடத்தில் நீதிபதிக்கு நாற்காலி. வக்கீல்களுக்குப் பாய். சந்து முழுக்க ஜன்னலில். மின்சாரம் போய்விட்டது. நீதிபதி வியர்த்து, கோட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். தரையில் வைக்க முடியுமா? ஆணியில் மாட்டினார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, சாட்சிப் பொருளின் மேல் கோட்டு மாட்டுவதை ஆட்சேபித்தார். ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது. கோட்டு அங்கேயே இருந்தது. வடிவு எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்தாள், எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொஞ்சம் பச்சைமிளகாய் அதிகமாக.

எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். "கனம் கோர்ட்டார் அந்தத் துருவைப் பார்க்கவேண்டும். இது மூன்று வருஷத்துத் துருவா? ஐம்பது வருஷத்துத் துரு. வாதியின் தகப்பனார் வீடு கட்டிய காலத்து ஆணி. வாடகைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அடிக்கவில்லை."

கூட்டம் முணுமுணுத்தது. வெள்ளைத்துரையும் அண்ணாந்து பார்த்தான். கண்ணுக்கு அந்த ஆணி நிஜமாகவே ஐம்பது வருஷத்து ஆணி மாதிரிதான் இருந்தது. வடிவு மட்டும் பின்கட்டைப் பார்த்து, "பாஞ்சாலி, உள்ள வா," என்றாள்.

அந்த வீட்டின் கூடத்துக்குப் பாஞ்சாலி வந்தது அதுதான் முதல் தடவை. கூடையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள்.

"இந்த ஆணி உனக்குத் தெரியுமா?" என்று வேம்பு கேட்டார்.

"தெரியாம? என் வூட்டுக்காரன் கட்டுமரத்து ஆணி. பெரும்பொயலு அடிச்சிச்சே, அப்போ மரம் பிரிஞ்சி போச்சி. நாந்தான் யக்காவுக்குக் குட்த்தேன்."

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். "ஊரில் ஆயிரம் ஆணி. இதுதான் அது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சிய ஆயிரம் பேருக்கு நடுவுல வுட்டா உங்கம்மாவுக்குத் தெரியாதா நைனா?"

"துருவைப் பார்த்தாயா? ஐம்பது வருஷத்துத் துரு!"

"கடலு தண்ணில ஒரு மாசம் நின்னுப் பாரு. நீயே துருப்புடிச்சிப் பூடுவே. உப்பு நைனா அது. உங்க வூட்டு ஆணி ரசத்துத் தண்ணியா குடிச்சிது? எங்க ஆணி கடலைக் குடிச்சிது."

ஜன்னல் முழுக்கச் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, மோரைக் குடித்தார். பிறகு எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். வேம்புவும் தலையாட்டினார். எதிர்க்கட்சி வக்கீலுக்கே நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். மூவரும் தினம் விடியற்காலையில் கடற்கரையில் கட்டுமரங்களுக்கு நடுவே நடை பழகுகிறவர்கள்.

ஆனாலும் மீன்காரி வார்த்தை ஒரு தட்டில், துரு ஒரு தட்டில். எதிர்க்கட்சி வக்கீல் கடைசியாக ராமானுஜத்தைக் கூப்பிட்டார். கூண்டுக்குப் பதிலாக ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் பின்னால் நிற்கவைத்தார்கள். ராமானுஜம் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து நிமிரவில்லை. மாப்பிள்ளை ஒரு வாரமாக ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தான்: ஆமாம்.

"இந்த ஆணி உங்கள் தகப்பனார் காலத்து ஆணிதானே?"

அவர் 'ஆமாம்' என்றால் வீடு போச்சு. வெள்ளைத்துரை கண்ணை மூடிக்கொண்டான். வடிவு மூடவில்லை. இடது கால் கட்டைவிரல் தானாக மடங்கியது.

ராமானுஜம் நிமிர்ந்து ஆணியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். சந்து முழுக்க அங்கே நின்றது. அவர் காலி பண்ண வைத்த வாத்தியார்கூட நின்றார், கழுத்தை நீட்டிக்கொண்டு.

"என்ன கேட்டீர்?"

"உங்கள் தகப்பனார் காலத்து ஆணிதானே என்று..."

"என்ன ஓய் பேத்தறீர்?" குடை தரையில் இடித்தது. "எங்கப்பா சுவத்துல ஆணியா? சாஞ்சு உக்காந்தாலே எண்ணெய்க் கறைன்னு எழுப்பி விட்டுடுவார் அவர்! எங்கம்மா தாலிச் சரட்டை ராத்திரி கழட்டி மாட்ட ஒரு முளை கேட்டா, கழட்டாதேன்னுட்டார்! அவர் காலத்துலயும் சரி, என் காலத்துலயும் சரி, இது எங்காத்து சுவரா இருந்த வரைக்கும் ஒரு குண்டூசி ஏறினதில்லை. இது அவா அடிச்சது. நான் எழுதிக் குடுத்தப்புறம் அடிச்சது. நந்தனத்துலேர்ந்து காதால கேட்டேன். நானே என் குடையை மாட்டினேன்!"

"மாமா!" என்றான் மாப்பிள்ளை.

"நீ சும்மா இருடா. வீடு போனா போறது. ஆணியைப் பாத்துண்டு சும்மா இருந்தவன்னு என்னை ஊர்ல சொல்லப்படாது."

கிச்சிலி மரத்துக் காக்கை ஒரு தடவை கத்தியது. வேம்பு எழுந்து, "எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பொடி போட்டார். நீதிபதி ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார், மரியாதையாக.

தீர்ப்பு வந்தது. எழுதிக் கொடுத்தவர் இவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. அவ்வளவுதான், வேம்பு சொன்னபடி கேடயம் மட்டும்தான். வடிவு ஆணிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, அதில் வளையத்தை மாட்டி, மாம்பழக் கலர் புடவையில் விட்ட இடத்திலிருந்து முறுக்க ஆரம்பித்தாள்.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம் ராமானுஜம் தனியாக வந்தார். வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்.

"வாங்க சாமி. இதென்ன கேள்வி."

குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். வடிவு வளையத்தைக் கழற்றினாள். அவர் மாட்டினார்.

"பட்டா வந்துடுத்து. மாப்பிள்ளை கோவிச்சுண்டு அடையாறுக்குத் தனியாப் போயிட்டான். நாளன்னிக்கு நாள் நன்னா இருக்கு. ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வந்துடுங்கோ. ஆனா ஒரு நிபந்தனை."

வெள்ளைத்துரை பயந்துபோய், "சொல்லுங்க சாமி, கருவாடா?" என்றான்.

"கருவாட்டைத் தாராளமா வறும். இந்த ஆணியை மட்டும் எந்தக் காலத்துலயும் பிடுங்கப்படாது. நாளைக்கு எவனாவது வந்து, இங்க ஆணியே இல்லை, ராமானுஜம் கோர்ட்ல பொய் சொன்னான்னுடுவான்."

"பிடுங்க மாட்டோம்," என்றாள் வடிவு. "நினைச்சாலும் வராது."

அவர் ஆணியை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தத் துருவைப் பாத்தா நேக்கே சில சமயம்..." என்று ஆரம்பித்து, காப்பி வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பத்திரம் பதிவாயிற்று. முருகன் படம் சுவருக்கு ஏறிற்று. கண்ணாடி ஏறிற்று, வெள்ளைத்துரை நின்றுகொண்டு சவரம் செய்யப் பழகுவதற்குள் கன்னமெல்லாம் கீறல். வடிவின் கால்விரல் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பரணில் கிடந்த செருப்புகளில் பொருந்துவதைப் பாஞ்சாலிக்குக் கொடுத்தாள், கூடவே தன் கையால் குஞ்சம் கட்டிய ஒரு புடவையும். பாஞ்சாலி இப்போது வாசல் வழியாகத்தான் வருகிறாள். அந்த ஆணி இன்றைக்கும் அந்தச் சுவரில் இருக்கிறது.

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைக் கயிறு போட்டுக் கட்டுவதுதான்.